வேலாயுதத்தின் இன்ட்ரோ

தெம்பனிஸில் ஒரு அடுக்குமாடி புளோக்கின் உச்சியில், லிஃப்ட் பழுது பார்க்கப் போன மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் வேலாயுதம் தன் பாட்டை ரேடியோவில் கேட்டான். கிரீஸ் டின்னின் மேல் வைத்திருந்த சின்ன ரேடியோ. வெளியே டிசம்பர் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ‘டிங், டிங்’ என்று பஸ் மணி அடித்ததும் மிளகாய்ச் சம்பால் தொட்ட விரலை அப்படியே நிறுத்திக் காதைக் கொடுத்தான். மணி அடித்து, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கீபோர்டு கிளம்ப வேண்டும். கிளம்பவும் செய்தது. அதற்குள் அவன் மனைவி பேச ஆரம்பித்துவிட்டாள்.

“காலை வணக்கம் நேயர்களே! வெளியே நல்ல மழை. குடையை வீட்டில் மறந்துவிட்டவர்கள் யார் யார்? பாதி வழி வந்தவர்கள் திரும்பிப் போக வேண்டாம், எப்படியும் நனைந்தாயிற்று. தீவு விரைவுச்சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. அவை நகரும்வரை நமக்குத் துணையாக ‘கடைசி பஸ்ஸு’. பாடியவர் வேறு யாருமில்லை, உங்கள் சாமுண்டீஸ்வரியேதான்!”

அவள் வாயை மூடிய அந்த நொடியில் அவளுடைய பாட்டுக் குரல் ஆரம்பித்தது. இம்மி பிசகவில்லை.

வேலாயுதம் பொட்டலத்தை மூடி வைத்தான். ஒரு மனிதன் பிரித்த நாசி லெமாக்கைச் சாப்பிடாமல் மூடுகிறான் என்றால் அது சாதாரணக் கோபமில்லை.

அந்தக் கோபம் புரியவேண்டுமென்றால் பாட்டின் கதை தெரியவேண்டும். புக்கிட் மேராவில் அவனுடைய ஒன்பதாம் மாடி மூவறை வீட்டில் ஒத்திகை பார்த்ததால் ‘ஒன்பதாம் மாடி’ என்று பெயர் வைத்துக்கொண்ட குழு அது. வேலாயுதம் கீபோர்டு, சாமு பாட்டு, அழகப்பன் தாளத்துக்கு எலெக்ட்ரானிக் பேடு. கல்யாண விருந்து, பிறந்தநாள், சமூக மன்ற மேடை என்று பதினெட்டு வருஷம் ஓடினார்கள். மற்றவர்களின் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே சொந்தமாக ஒன்று செய்தார்கள். ‘கடைசி பஸ்ஸு’. காதலியை வழியனுப்பப் போய்க் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவனின் பாட்டு. சீனப் பிள்ளைகள்கூட அர்த்தம் தெரியாமல் முணுமுணுத்தார்கள். சாமுவை டெக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கவிடாமல் நிறுத்தி வைத்துப் போட்டோ எடுத்தார்கள். வேலாயுதம் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். போட்டோவை எடுத்துத்தரச் சொல்லி போனை அவன் கையில் கொடுப்பார்கள்.

அதெல்லாம் அவனுக்குப் பழகிவிட்டது. பாட்டு என்றால் பாடுகிறவருடையது. உலகம் அப்படித்தான். ஆனால் குரல் வருவதற்கு முன் ஓடும் இன்ட்ரோ அவனுடையது. விடுமுறை நாளெல்லாம் பஸ்ஸில் ஏறி இறங்கி மணிச்சத்தத்தைப் பதிவு செய்து, அந்த இரண்டு சுரத்திலிருந்து மெட்டைப் பின்னிக் கொண்டுவந்திருந்தான். யாரும் பாடாத, அவன் மட்டும் இருக்கிற இடம் அது. அந்த இடத்தில் வளவளவென்று பேசுகிற ரேடியோக்காரர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. ‘சாப்பாட்டு இலையில கால வைக்கிறானுங்க’ என்பான். இப்போது வீட்டுக்குள்ளேயே ஒருத்தி.

அன்று சாயங்காலம் சாமு ரசத்தைச் சூடாக்கிக்கொண்டே கேட்டாள். குரலில் துள்ளல் அடங்கவில்லை.

“இன்னிக்கு ஷோ கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“எப்படி இருந்துச்சு? புரொடியூசர் கையூம் அண்ணன் ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்னு கை தட்டினாரு. வாய்ஸ் வர்ற இடத்துல கரெக்டா முடிச்சேன்ல?”

“என் இடத்துல ஏன் பேசின?”

“உங்க இடமா?”

“பாட்டு முழுக்க உன் இடந்தான். ஊரே சாமு பாட்டுன்னு சொல்லுது. நான் ஒருநாளாச்சும் ஏதாச்சும் சொன்னேனா? எனக்குன்னு இருக்கறது அந்த இன்ட்ரோ ஒண்ணு. அங்க வந்து குடை இருக்கா, ஜாம் இருக்கான்னு கேக்கற.”

“அதுதாங்க வேலையே. எல்லா டீஜேவும் இன்ட்ரோ மேலதான் பேசுவாங்க.”

“எல்லா டீஜேவும் என் பொண்டாட்டியா?”

அவள் ரசத்தை இறக்கி வைத்தாள். நெத்திலி சம்பால் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் அதைத் தொடாமல் எழுந்துபோய்க் குளித்தான். அன்றைக்கு ஆரம்பித்தது. ‘சாப்பாடு இருக்கு’, ‘சாவி எங்க’ என்பதற்கு மேல் அந்த வீட்டில் இருவருக்கும் பேச்சில்லை. ரேடியோவில் விடிகாலையிலிருந்து ஓயாமல் பேசிவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் பேச ஆளில்லாமல் போனது.

சாமு ரேடியோவுக்குப் போனது ஒன்றும் ஆசைப்பட்டுப் போனதல்ல. போன பிறகுதான் ஆசை வந்தது. கல்யாணங்களுக்கு இப்போதெல்லாம் மடிக்கணினியோடு ஒரே ஒரு பையன் வருகிறான். பாட்டு, விளக்கு, புகை எல்லாம் அவனே. குழு வைப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அந்த நேரத்தில் வானொலி நிலையம் காலை நிகழ்ச்சியைப் பேசித் தொகுத்து வழங்க ஒரு படைப்பாளரைத் தேடியது. அழகப்பன்தான் விண்ணப்பம் போடச் சொன்னான். சோதனைக் காலத்துக்கென்று அவளை எடுத்துக்கொண்டார்கள்.

முதல் வாரம் அவள் செய்த தப்பு நிலையத்தில் இன்னும் சிரிப்புக் கதை. பாட்டைப் போட்டாள். இன்ட்ரோ ஓடியது. மைக் திறந்திருக்க, அவள் கையைக் கட்டிக்கொண்டு வாயை இறுக்கி மூடி, இடது பக்கமாகக் கழுத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். தயாரிப்பாளர் அப்துல் கையூம் பதறிப்போய் உள்ளே ஓடிவந்தார்.

“என்னம்மா ஆச்சு? ஒடம்பு சரியில்லையா?”

“இல்லண்ணே. இன்ட்ரோ போகுதுல்ல.”

“அதான் போகுதுல்ல! பேசு!”

அவளுக்குத் தெரியவில்லை. பதினெட்டு வருஷமாக இன்ட்ரோ என்றால் வாய் திறக்காமல் இடது பக்கம் பார்ப்பது. அங்கே கீபோர்டின் பின்னாலிருந்து அவன் தலையசைப்பான். அப்போதுதான் பாட வேண்டும். கல்யாண விருந்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் எந்தக் காலத்தில் நேரத்துக்கு மண்டபத்துக்குள் வந்தார்கள்? கதவு திறக்கும், மூடும், மாலை சிக்கிக்கொள்ளும், மாப்பிள்ளையின் தங்கையைக் காணோம் என்பார்கள். அத்தனைக்கும் வேலாயுதம் இன்ட்ரோவைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருப்பான். ஒருபோதும் நிறுத்தியதில்லை. நிறுத்தினால் மானம் போச்சு என்பது அவன் கொள்கை. ஜோடி மேடையேறியதும் ஒரு தலையசைப்பு. சாமுவின் வாய் அந்தத் தலையசைப்புக்கு நேர்ந்துவிட்ட வாய்.

கையூம்தான் அதை மாற்றினார். ‘இன்ட்ரோ நம்ம நிலம், அதுல நாமதான் பயிர் பண்ணணும்’ என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினார். ஒரு மாதத்தில் அவளுக்கு அது பிடித்துப்போனது. யாருடைய தலையையும் பாராமல், தனக்குத் தோன்றியதை, தோன்றும்போது சொல்வது. பஸ் ஓட்டுநர்கள் கூப்பிட்டார்கள். செங்காங்கில் ஒரு ஆஸ்பத்திரித் தாதி இரவு வேலை முடிந்து வீடு திரும்பும்போது தினமும் கூப்பிட்டு, ‘அக்கா, உங்க குரலக் கேட்டுட்டுத்தான் தூங்குவேன்’ என்றாள். சாமு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தாள். அதை வீட்டில் சொல்ல முடியவில்லையே என்று வருத்தமாகவும் இருந்தாள்.

வேலாயுதம் சும்மா இருப்பவனா? தை மாதத்தில் மூன்று கல்யாணங்களுக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தான். சாமு குழுவை விட்டு ரேடியோவுக்குப் போய்விட்டாள், பாட ஆள் வேண்டும். மகள் தாரணிக்குக் குரல் அம்மாவுடையதேதான். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். குளியலறையில் பாடினால் எதிர் வீட்டு மலாய்க்கார அம்மா கதவைத் திறந்துவைத்துக் கேட்பார். ஆனால் நாலு பேர் பார்க்கும்படி நிற்பதென்றால் அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பயம் இல்லை, பிடிக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. மழைக்குப் பயந்து உள்ளே இழுத்துப் போட்ட மூங்கில் கழிகளில் ஈரத் துணிகள் தொங்கின. அவற்றுக்கு நடுவே கீபோர்டு. அழகப்பன் டெக்காவிலிருந்து வாங்கிவந்த வடையைக் கடித்துக்கொண்டு பேடில் விரல் தட்டிக்கொண்டிருந்தான். தாரணி நடுவில் நின்று முதல் சரணத்தைப் பாடினாள். சுருதி சுத்தம். முகத்தில் மட்டும் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பவளின் களை.

“அப்பா, எனக்கு வேணாம்பா. சீரியஸா சொல்றேன்.”

“நாலு தடவ பாடினா ஃபியர் போயிடும்.”

“ஃபியர் இல்லப்பா. ஐ டோன்ட் வான்ட்.”

“ஃப்ரம் த டாப், மொதல்லேருந்து. அழகப்பா, கவுன்ட் குடு.”

அழகப்பன் வடையை வாயில் வைத்தபடி சொன்னான். “வேலாண்ணே, புள்ள என்னமோ சொல்லுது லா.”

“பாடினா சரியாயிடும்டா. கவுன்ட் குடு.”

அடுக்களையிலிருந்து சாமு வந்து நின்றாள். “பிள்ளைய விடுங்க. அதான் பிடிக்கலங்குதே.”

அவன் நிமிரவில்லை. “நீ போயிட்டல்ல? போனவங்களுக்கு இதுல பேச்சு கிடையாது.”

சாமுவுக்குச் சுருக்கென்றது. தான் விட்டுவந்த இடத்தில் மகளைக் கொண்டுபோய் நிறுத்துகிறானே, அதற்குத் தானே காரணமாகிவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சியோடு அடுக்களைக்குத் திரும்பினாள். பஸ் மணி மறுபடி அடித்தது. தாரணி மறுபடி பாடினாள்.

இந்தச் சமயத்தில்தான் கையூம் நிலைய கேண்டீனில் தே தாரிக் வாங்கிக் கொடுத்துச் செய்தியைச் சொன்னார். பொங்கலை ஒட்டிய சனிக்கிழமை கேம்பல் லேனில் மேடை போடுகிறார்கள். சாயங்காலம் டிவி, ரேடியோ இரண்டிலும் நேரலை. முழு நிகழ்ச்சிக்கும் சாமு ஒருத்திதான் படைப்பாளர்.

“நல்லா பண்ணினா வெள்ளிக்கிழமை டிவி ஷோ உனக்குத்தான். மேல பேசிட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்க. லைவ் டிவில சும்மா நிக்கக் கூடாது. படைப்பாளர் வாயடைச்சு நின்னா, வீட்ல உக்காந்திருக்கறவன் யாரோ செத்துட்டாங்கன்னு நெனைப்பான். எது நடந்தாலும் பேசு. அப்புறம், பாடாத. பாடினா பழையபடி பாடகின்னுதான் பாப்பாங்க.”

ஒன்று என்று ஆரம்பித்து இரண்டு சொல்வது கையூமின் வழக்கம்.

“ஒங்க வீட்டுக்காரர் குழுவுக்கும் ஒரு பாட்டு போட்டிருக்கேன். மக பாடுதாமே? அவரே போன் பண்ணிச் சொன்னாரு.”

சாமு தேநீரைக் கீழே வைத்தாள். மகளின் முதல் மேடை நேரலை டிவியில். அதை அறிவிக்கப்போவது தானே. இதை அவள் கணவன் அவளிடம் சொல்லவில்லை, கேண்டீனில் அடுத்தவர் சொல்லித் தெரிகிறது.

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே மழை. கேம்பல் லேன் முழுக்கக் கூடாரத் துணி கட்டியிருந்தார்கள். தூண்களில் கட்டிய கரும்பு நனைந்து பளபளத்தது. பக்கத்துத் தெருவில் கொட்டகை போட்டு மாடுகளையும் ஆடுகளையும் கட்டியிருந்தார்கள். பால் பொட்டலத்தைத் தவிர மாட்டை வேறெங்கும் பார்த்திராத பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தங்கும் விடுதிகளிலிருந்து விடுமுறைக்கு வந்த தொழிலாளர்கள் கூட்டத்தின் பின்பக்கம் பிளாஸ்டிக் பையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒலிபரப்புக் கம்பிகளின் மேல் தண்ணீர் படாமலிருக்க ஒருவர் ஓடி ஓடித் தார்ப்பாய் இழுத்துவிட்டார்.

சாமு அரக்குப் பட்டில் மேடையேறிப் பேசிக்கொண்டிருந்தாள். காதுக்குள் கையூமின் குரல். பொங்கல் பானை மழைச்சாரலில் பொங்க மாட்டேன் என்றது. அதற்கு ஒரு வார்த்தை. நடனப் பிள்ளைகளில் ஒருத்திக்குச் சலங்கை கழன்றது. அதற்கு ஒரு வார்த்தை. எதுவும் அவளுக்குத் திக்கவில்லை. கையூம், ‘சூப்பர் சாமு, அப்படியே போ’ என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒளிபரப்பில் ஒரு விளம்பர இடைவேளை வந்தது. அவள் மேடைக்குப் பின்னால் இறங்கித் தண்ணீர் குடித்தாள்.

தாரணி அங்கே நின்றிருந்தாள். பாவாடை தாவணி, தலையில் மல்லிகை, கையில் மைக். மேடையின் மறுபக்கத்தில் வேலாயுதமும் அழகப்பனும் ஒயர்களைச் சொருகிக்கொண்டிருந்தார்கள்.

“ம்மா. நான் ஏற மாட்டேன்மா.”

“என்னடி இது, இப்பப் போயி?”

“ஏற மாட்டேன்.”

“அப்பாகிட்ட சொன்னியா?”

“டிசம்பர்லேருந்து சொல்றேன். காலைலகூட சொன்னேன். டைம் ஆச்சு, வேன்ல ஏறுன்னாரு. ம்மா, ப்ளீஸ்மா.”

சாமு மகளின் கையைப் பிடித்தாள். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்து ஏற்றியிருப்பாள், அவளுக்கும் முதல் மேடையில் நடுங்கத்தான் செய்தது. இந்தக் கை அசையாமல் இருந்தது. வேண்டாம் என்று முடிவு செய்துவிட்ட கை.

காதுக்குள் கையூம். “சாமு, மேல வா. அடுத்தது ஒன்பதாம் மாடி.”

மறுபக்கம் ஓடி அவனிடம் சொல்ல நேரமில்லை. சொன்னாலும் அவன் கேட்கப் போவதில்லை. அவள் மகளிடமிருந்து மைக்கை வாங்கினாள்.

“போ. மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் நில்லு. நான் பாத்துக்கறேன்.”

“நீ பாடுவியாம்மா?”

சாமு படியேறினாள்.

கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. கையிலிருந்த அறிவிப்பு அட்டையில் ‘தாரணி பாடும் கடைசி பஸ்ஸு’ என்று எழுதியிருந்தது. அவள் அட்டையைப் பார்க்காமல், “அடுத்து உங்கள் முன் வருபவர்கள், ஒன்பதாம் மாடி இசைக்குழு!” என்று மட்டும் சொல்லி மேடை ஓரத்துக்கு நகர்ந்தாள்.

டிங், டிங்.

கூட்டம் மணியைக் கேட்டதுமே கத்தியது. வேலாயுதம் குனிந்து வாசித்தான். இன்ட்ரோ முடியும் இடத்தில் நிமிர்ந்து, பாடகி நிற்கும் இடத்தைப் பார்த்தான். யாருமில்லை. அவன் விரல்கள் நிற்கவில்லை. பெண் மாப்பிள்ளை வராத கல்யாணத்தில் செய்வதுபோல் மறுபடி ஆரம்பத்துக்குப் போனான். டிங், டிங். அழகப்பன் மட்டும் கண்களை உருட்டிக்கொண்டு தாளத்தை விடாமல் பிடித்தான்.

“பொண்ணு எங்க?” காதுக்குள் கையூம். “சாமு, பொண்ணு எங்க? சரி, சரி, நீ பேசு. இன்ட்ரோ ஓடுதுல்ல, மேல பேசு.”

பேசுவதற்கு அவளிடமா பஞ்சம்? மழை, மாடு, பொங்காத பானை, கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட மகள் என்று ஒரு கேலி, அத்தனையும் நுனிநாக்கில் வந்து நின்றன. மைக்கை வாயருகே கொண்டுபோனாள். அப்போது மணி மறுபடி அடித்தது. என் இடத்துல ஏன் பேசின, என்று ரசத்துக்கு முன்னால் நின்று அவன் கேட்டது அவள் நினைவுக்கு வந்தது. மேடையைப் பார்த்தாள். மகளைத் தேடித் தேடி அவன் முகம் வெளுத்துக்கொண்டிருந்தது. வியர்வையா சாரலா தெரியவில்லை, நெற்றியெல்லாம் ஈரம். ஆனால் விரல்கள் மட்டும் ஒரு சுரம் தவறாமல் அந்த மணியின் வாலைப் பிடித்து ஓடின. எத்தனை அழகான மெட்டு என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் அவன் தலையைத்தான் பார்த்திருந்தாள். விரலைப் பார்த்ததே இல்லை.

அவள் மைக்கில் இரண்டே வாக்கியம் சொன்னாள்.

“இந்த இசையைச் செஞ்சவர் வேலாயுதம். இன்னிக்கு இதைக் கேளுங்க.”

சொல்லிவிட்டு மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

“சாமு? என்ன பண்ற? லைவ் போகுது. பேசு. சாமு!”

அவள் பேசவில்லை. கேமரா அவளைக் காட்டியது. வாய் மூடி நிற்கும் படைப்பாளர். கேமரா அவசரமாக மேடைக்குத் திரும்பியது. அங்கே லிஃப்ட் பழுது பார்க்கும் ஒரு மனிதனின் கைகள். நிகழ்ச்சியில் வேறு எதையும் காட்ட வழியில்லாததால் டிவி அந்தக் கைகளையே காட்டியது.

கூட்டத்தில் சிலர் அவளைப் பார்த்து, “அக்கா, நீங்களே பாடுங்க!” என்று கத்தினார்கள். காதுக்குள் கையூமும் இப்போது பிடிவாதத்தை விட்டுவிட்டார். “பாடிடு சாமு. நான் சொன்னத மற. பாடி முடிச்சிடு, போதும்.”

மூன்றாவது சுற்று முடியப்போகும் இடத்தில் வேலாயுதம் அவள் பக்கம் திரும்பினான். கண்ணோடு கண் பார்த்துத் தலையசைத்தான். பதினெட்டு வருஷத் தலையசைப்பு. அவள் தொண்டை தானாக விரிந்தது. மூச்சுகூட உள்ளே போய்விட்டது. பாடியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். கூட்டம் குதித்திருக்கும், கையூம் பிழைத்திருப்பார், அவன் மானம் காப்பாற்றப்பட்டிருக்கும். அடுத்த சனிக்கிழமை கல்யாணத்தில் அவளோ, இல்லை அந்தப் பிள்ளையோ, மறுபடி அந்தத் தலையசைப்புக்கு முன் நின்றிருப்பார்கள்.

சாமு தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். பிறகு கையால் அவனைக் காட்டினாள். நீங்க.

அவன் முகத்தில் கோபம் ஏறியது. அவள் கண்ணை எடுக்கவில்லை. டிங், டிங். நான்காவது சுற்று. அதன் பாதியில், யாரும் வரப்போவதில்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. குனிந்தான். இன்ட்ரோ முடியும் இடத்தில் யாருக்கும் தலையசைக்காமல், பாட வேண்டிய வரியை வலது கையால் வாசிக்க ஆரம்பித்தான்.

இரண்டாவது வரியில் விரல் தடுமாறியது. அவளுக்கு விட்டுக் கொடுத்தே பழகிய கை அல்லவா. அப்புறம் பிடித்துக்கொண்டான். பிரமாதம் என்று சொல்ல முடியாது. பின்பக்கம் தொழிலாளர்கள் கூட்டத்திலிருந்து ஒருவன் சீழ்க்கை அடித்தான். முன்வரிசைப் பெரியவர்கள் நிகழ்ச்சியே இப்படித்தான் போல என்று நினைத்துக் கைதட்டினார்கள். மாட்டுக் கொட்டகையின் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாரணி கடைசிவரை கேட்டாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் கையூம் குடையில்லாமல் வந்தார்.

“லைவ்ல படைப்பாளர் வாயே திறக்கல. டிவிக்காரங்க கொதிச்சிட்டு இருக்காங்க. வெள்ளிக்கிழமை ஷோ போச்சு. அது என் கையில இல்ல.”

“தெரியும்ணே.”

“ரேடியோ என் கையில இருக்கு. திங்கக்கிழமை வந்துடு.” போனவர் திரும்பி நின்றார். “ஒண்ணு கேக்கறேன். பேச வார்த்தை வரலியா?”

“வந்துச்சுண்ணே. நெறைய வந்துச்சு.”

அவர் மழைக்குள் போனார். அவள் அழக்கூடாது என்றுதான் நினைத்தாள். வெள்ளிக்கிழமை ஷோவுக்கு என்ன புடவை கட்டுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். பட்டுத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபோது அட்டைப்பெட்டி தூக்கிக்கொண்டு போன ஒருவர், “சாரல் ரொம்ப இல்ல?” என்றார். ஆமாம் என்றாள்.

வேனில் அழகப்பன் ஓட்ட, மற்ற மூவரும் வாத்தியங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். வேலாயுதம்தான் ஆரம்பித்தான்.

“ஏற மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேன்பா,” என்றாள் தாரணி. “நீங்க ஒவ்வொரு தடவையும் ஃப்ரம் த டாப்னு இன்ட்ரோ வாசிச்சிட்டீங்க.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். புக்கிட் மேரா வரும்வரை வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டில் சாமு ரசம் சூடாக்கினாள். நெத்திலி சம்பால் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் எடுத்துப் போட்டுக்கொண்டான்.

“மூணாவது ரவுண்டுல தலையாட்டினேனே. பாத்தியா?”

“பாத்தேன்.”

“ஏன் பாடல?”

“பாடியிருந்தா அடுத்த வாரமும் ஆட்டுவீங்க.”

அவன் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டான்.

“ரெண்டாவது வரில கை தடுமாறிடுச்சு.”

“கேட்டேன்.”

“கல்யாணத்துக்காரங்களுக்கு போன் பண்ணிச் சொல்லிடறேன். ஆள் இல்லன்னு.” அவன் உள்ளறைப் பக்கம் பார்த்தான். “அது சாப்பிட்டுச்சா?”

“கூப்பிடுங்க. நீங்க கூப்பிட்டாத்தான் வரும்.”

அவன் கூப்பிட்டான். ஒரு தடவை கூப்பிட்டு, அவள் ‘தோ வரேன்பா’ என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, வரும்வரை காத்திருந்தான்.

திங்கட்கிழமை வேலாயுதத்துக்குச் செங்காங்கில் வேலை. மோட்டார் அறையில் ரேடியோவைக் கிரீஸ் டின்னின் மேல் வைத்தான். காலையிலிருந்து சாமு பேசிக்கொண்டே இருந்தாள். எல்லாப் பாட்டுகளின் இன்ட்ரோவிலும் வழக்கம்போல் பேசினாள், மழையைப் பற்றி, நெரிசலைப் பற்றி, மீன் விலையைப் பற்றி. அவன் உதட்டைச் சுழித்துக்கொண்டே ஸ்பேனரைத் தேடினான். அப்புறம் அவள் சொன்னாள்.

“சனிக்கிழமையிலிருந்து நிறைய நேயர்கள் கேட்ட பாட்டு. ‘கடைசி பஸ்ஸு’. இசை, வேலாயுதம்.”

டிங், டிங்.

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். ரேடியோவில் பேச்சில்லை. மணி அடித்து, கீபோர்டு கிளம்பி, மெட்டு தன் முழு நீளத்துக்கும் ஓடியது. எங்கேயோ நகரின் நடுவில் ஒரு கண்ணாடி அறைக்குள், திறந்த மைக்கின் முன்னால் அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

இன்ட்ரோ முடியும் இடம் வந்தது. யாருமில்லாத அந்த மோட்டார் அறையில் வேலாயுதத்தின் தலை தானாக அசைந்தது. ரேடியோவில் அவள் பாட ஆரம்பித்தாள்.